பெட்ரோல் மீது போடும் பழி

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குதா? பெட்ரோல் சரியில்ல தம்பி. கார்ப்பைக் கழட்டி சுத்தம் பண்ணா சரியாயிடும்." புதுச்சேரியில் பழைய இரட்டைச் சிலிண்டர் பைக் வைத்திருக்கும் யாரும் இந்தத் தீர்ப்பைக் கேட்காமல் தப்ப முடியாது. நெல்லித்தோப்புப் பக்கம் பட்டறைக்குப் போனால் இதைச் சொல்வார்கள். மிஷன் வீதியில் வண்டியை நிறுத்தினால், தன் வாலிபத்தில் இதே வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் வந்து இதைச் சொல்வார். கோரிமேட்டைத் தாண்டித் திண்டிவனம் ரோட்டில் நின்றுபோனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட இதைத்தான் சொல்வார். பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இந்தத் தீர்ப்புக்கு அறிவியல் மெருகும் ஏறிவிட்டது. முன்பு "பெட்ரோல் அப்படி" என்றவர்கள் இப்போது "இ20 அப்படி" என்கிறார்கள்.

இதை நான் மறுக்கிறேன். கார்புரேட்டர் கெடவே கெடாது என்று வாதாட வரவில்லை. எத்தனாலுக்கு நற்சான்றிதழ் கொடுக்கவும் வரவில்லை. இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் படுத்துவிடும் வண்டியில் முதல் சந்தேகம் பெட்ரோல் மேல் விழுவது தர்க்கப்படி தவறு. அந்தத் தவறு வண்டிக்காரரின் காசையும் நாளையும் தின்கிறது. சில நேரம் பிஸ்டனையும் தின்கிறது.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் இரட்டைச் சிலிண்டர் என்றால் பெரும்பாலும் அது யமஹா ஆர்டி 350தான். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் ராஜ்தூத் பெயரோடு இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் எஞ்சின், ஆறு கியர். முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன், மைலேஜ் பிரச்சினையால் பின்னால் 27க்குக் குறைத்தார்கள். மைசூரில் ஐடியல் ஜாவா செய்த யெஸ்டி 350 ட்வின்னும் இந்த வகைதான், ஆனால் அது அபூர்வம். யெஸ்டி ரோட்கிங்குக்கு இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து அதையும் இரட்டைச் சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர். அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இனி தர்க்கத்துக்கு வருவோம். ஆர்டியில் டேங்க் ஒன்று. பெட்ரோல் டேப் ஒன்று. டேங்க் மூடியில் காற்று போகும் துளை ஒன்று. ஏர் ஃபில்டர், பேட்டரி, சாவி சுவிட்ச் எல்லாமே ஒன்றுதான். இவை பொதுவில் இருப்பவை. இவற்றைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் இரண்டிரண்டு: கார்புரேட்டர், ரீட் வால்வு, பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் வயர், பிளக் கேப், பிளக், பிஸ்டன். ஏன், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையும் இரண்டு. நடுவில் ஒரு சீல் வைத்துத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அதாவது ஒரே கிராங்க்கில் கோத்த இரண்டு முழு எஞ்சின்கள். பொதுவில் இருப்பது கெட்டால் இரண்டும் சேர்ந்து தள்ளாடும். ஒன்று மட்டும் தள்ளாடினால் கோளாறு அந்தப் பக்கத்தின் சொந்தச் சொத்தில் இருக்கிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு என்றால் கிணற்றைத் தூர்வாரப் போவோமா, அந்த வீட்டுக் குடத்தை முதலில் பார்ப்போமா?

பிறகு ஏன் எல்லோரும் கிணற்றுக்கே ஓடுகிறார்கள்? இதற்கு நான் கண்ட காரணம், நம் மெக்கானிக்குகளின் கை பழகியது ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் என்பதுதான். ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர், புல்லட், பஜாஜ் ஸ்கூட்டர். ஒற்றைச் சிலிண்டரில் கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் சாட்சி கிடையாது. அனுபவத்தை வைத்து எது அதிகம் கெடுமோ அதிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அங்கே "பிளக்கைப் பார், கார்ப்பைப் பார்" என்பது நியாயமான முறை. அதே முறையை ஆர்டிக்கு எடுத்து வரும்போதுதான் வம்பு. இங்கே சாட்சி ஆறு அங்குலம் தள்ளி நிற்கிறது. இடது கெட்டுப்போயிருந்தால், நன்றாக இருக்கும் இடது எப்படி இருக்கும் என்பதை வலது காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த சாட்சியைக் கூப்பிடாமல் தீர்ப்பெழுதுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

இன்னொரு காரணமும் உண்டு. கார்ப்பைக் கழற்றுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, ஊதி, பெட்ரோலில் அலசி மாட்டினால் வாடிக்கையாளருக்கும் காசு கொடுக்க மனசு வரும். அரை மணி நேரம் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன் என்று சொல்லி யாரிடமும் கூலி வாங்க முடியாது. இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் சேர்ந்துதான் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

செத்தது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இதைச் செய்யாமலே கார்ப் இரண்டையும் கீழே இறக்கிவிடுகிறார்கள் என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். பட்டறை வாசலில் நின்று பாருங்கள். கண்டுபிடிக்க நினைப்பவர்களும் வழக்கமாகச் செய்வது, எஞ்சின் ஓடும்போதே பிளக் கேப்பை இழுத்துப் பார்ப்பது. இழுத்தும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தப் பக்கம் செத்தது என்று அர்த்தம். கண்டுபிடிப்பது சரிதான், ஆனால் முறை ஆபத்து. காயிலில் உருவாகும் ஆயிரக்கணக்கான வோல்ட் போக இடமில்லாமல் காயிலின் உள் இன்சுலேஷனையே துளைத்துக்கொண்டு வழி தேடும். நல்ல காயிலும் அதோடு நோயாளியாகிவிடும். அதற்குப் பதில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு பெண்டு பைப்பிலும் விரலால் தண்ணீர் தெளித்தால் போதும். ஒன்றில் சுர்ரென்று ஆவியாகும். மற்றொன்றில் வழிந்து ஓடும். வழிந்தோடும் பக்கம்தான் நமக்கு வேண்டிய பக்கம்.

அடுத்து இரண்டு பிளக்கையும் கழற்றி, பக்கம் மாறாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஊர்த் தீர்ப்பு பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடும். நல்ல பக்கத்துப் பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். செத்த பக்கத்துப் பிளக் கறுத்து, நனைந்து, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் நெடி அடிக்கும். இப்போது சொல்லுங்கள்: கார்ப் அடைத்திருந்தால் அந்தப் பிளக்கை நனைத்த பெட்ரோல் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் வருகிறது, எரியத்தான் இல்லை. நனைந்த பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே "கார்ப் அடைப்பு" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைப்பு என்றால் பிளக் உலர்ந்திருக்க வேண்டும். உலர்ந்திருந்தால் நானும் அவர்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன். பைலட் ஜெட்டை எடுத்துப் பாருங்கள், ஃப்ளோட்டைப் பாருங்கள். நனைந்திருந்தால் கார்ப் மேல் கை வைக்காதீர்கள்.

உடனே ஒரு பதில் வரும்: "கரண்டு நல்லா வருது, பாருங்க." பிளக்கை சிலிண்டர் தலையில் சாய்த்துவைத்துக் கிக்கரை மிதித்து நீலப் பொறியைக் காட்டுவார்கள். இது பாதிச் சாட்சியம்தான். வெளிக்காற்றில் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் பல மடங்கு அழுத்தத்தில் நெருங்கி நிற்கும்போது அதே அரை மில்லிமீட்டரைத் தாண்ட வோல்ட் பல மடங்கு வேண்டும். நலிந்த காயிலும் வெளியே பொறி காட்டும், உள்ளே போனதும் கைவிரிக்கும். சோதிக்க வேண்டுமானால் பிளக் வயரின் நுனியிலிருந்து உடம்புக்கு ஆறு ஏழு மில்லிமீட்டர் தாண்டுகிறதா என்று பாருங்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் தாண்டி மறுபக்கம் தாண்டவில்லை என்றால் வேறு கேள்வியே வேண்டாம்.

இதற்குப் பிறகு இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. இடது பிளக்கை வலதில் போடு. நோய் வலதுக்குப் போனால் பிளக். போகவில்லையா, கேப்பை மாற்று. பிளக் கேப்பை யாரும் மதிப்பதில்லை. நம் கடல்காற்று அதற்குள்தான் முதலில் வேலையைக் காட்டும். வயருக்குள் இறங்கும் அந்தச் சிறு திருகு பச்சை பூத்துப் போயிருக்கும். வயரின் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் கேப்பைத் திருகினாலே சரியாகிவிட்ட வண்டிகள் உண்டு. செலவு பூஜ்யம்.

காயிலை மாற்றிப் பார்க்கும்போது மட்டும் கவனம். ஆர்டியின் கிராங்க் 180 டிகிரி. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது இன்னொன்று கீழே இருக்கும். பிளக் வயரை மட்டும் இடம் மாற்றினால் பிஸ்டன் அடியில் இருக்கும்போது பொறி விழும். வண்டி ஓடவே ஓடாது, சைலன்சரில் வெடிக்கும். பாயிண்ட்டிலிருந்து காயிலுக்கு வரும் வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல், "மாத்திப் பார்த்தேன், ரெண்டும் போச்சு, அதனால வயரிங் மொத்தமா போச்சு" என்று முடிவு கட்டி ஒரு வண்டிக்கு வயரிங் முழுவதும் புதிதாக இழுத்த கதை எனக்குத் தெரியும்.

"ஆனா கார்ப் சுத்தம் பண்ணதும் வண்டி நல்லா ஓடுச்சே!" என் எதிர்க்கட்சியின் வலுவான வாதம் இதுதான். பொய்யில்லை, ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்பதில்தான் சண்டை. நண்பர் ஒருவரின் ஆர்டி முத்தியால்பேட்டையில் கிளம்பும்போது இரண்டு சிலிண்டரிலும் கணீரென்று பேசும். கோட்டக்குப்பம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டை நெருங்கும்போது இடது படுத்துவிடும். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவார். கார்ப்பைக் கழற்றுவார்கள், சுத்தம் செய்து மாட்டுவார்கள், ஓடும். மறுபடி காலாப்பட்டில் நிற்கும். இரண்டு பட்டறைகளில் இதே பூஜை நடந்தது. கார்ப்பைக் கழற்றி மாட்டும் நேரத்தில் எஞ்சின் ஆறிவிட்டது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் நிறுத்தி, கார்ப்பைத் தொடாமல், சாலையோரம் பனைமர நிழலில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஆறியதும் உதைத்தால் இரண்டும் ஓடின. டீயும் கார்ப்பைச் சுத்தம் செய்யும் போலிருக்கிறது! பிறகு இடது கண்டென்சரையும் வலது கண்டென்சரையும் இடம் மாற்றினோம். அடுத்த ஓட்டத்தில் காலாப்பட்டு அருகே வலது படுத்தது. நோயாளி யார் என்று அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை.

கண்டென்சர் சூடேறும்போது கசியும். ஆறினால் ஒன்றும் தெரியாதவன் போல் நிற்கும். அதன் வேலை சின்னதுதான்: பாயிண்ட் பிரியும் கணத்தில் நடுவே பாயப் பார்க்கும் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு காயிலில் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிவிடுவது. ஆர்டிக்கு அதன் அளவு 0.22 மைக்ரோ ஃபாரட். கடையில் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று கொடுப்பதை மாட்டினால், பாயிண்ட் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். மேக்னட் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் ஊசிமுனை போல உலோகம் குவிந்திருக்கும், எதிர்ப்பக்கம் அதே அளவுக்குக் குழி விழுந்திருக்கும். அப்படி இருந்தால் கண்டென்சர் சரியில்லை. உப்புத்தாளை வைத்துத் தேய்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தாளின் மணல் பாயிண்ட்டில் புதைந்து மறுவாரமே வேலையைக் கெடுக்கும். மெல்லிய அரத்தால் இழுத்துவிட்டு, வெள்ளை அட்டைத் துண்டை இடையில் வைத்து உருவி எடுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழாத வரை உருவ வேண்டும். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்.

இரண்டு பாயிண்ட்டும் ஒரே கேமில் உரசினாலும் சமமாகத் தேய்வதில்லை. உரசும் பாகம் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகப் பிரியும், அந்தப் பக்கத்து டைமிங் பின்வாங்கும். பிஸ்டன் உச்சிக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் பிரிய வேண்டும் என்பது ஆர்டியின் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, பிளக் துளையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 2இலும் இன்னொன்று 1.3இலும் இருந்தால் ஒரு கால் நொண்டுகிறவர் நடப்பதைப் போல வண்டி ஓடும். ஆயிரம் முறை கார்ப்பை அலசினாலும் இது மாறாது. கேஜ் இல்லாமல் "காதாலேயே செட் பண்ணுவேன்" என்கிற வித்தகர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் கையில் என் வண்டியைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

இப்போது எதிர்த்தரப்பின் உண்மையான பலத்துக்கு வருகிறேன். எத்தனால் பழைய வண்டிக்கு நல்லதா? இல்லை. ரப்பரை உப்பவைக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தங்கும். எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால் பழைய பெட்ரோலுக்கென்று அளந்துபோட்ட ஜெட்டில் கலவை சற்று மெலிந்துபோகும். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவது புத்திசாலித்தனம். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை அனைத்தும் இரண்டு பக்கத்துக்கும் நடப்பவை. நம் ஊரில் வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவென்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெட்ரோலுக்கு இடது சிலிண்டர் மேல் மட்டும் தனிப் பகை எப்படி வரும்?

"பொதுக் கோளாறு பலவீனமான பக்கத்தை முதலில் வீழ்த்தாதா?" என்று கூர்மையாகக் கேட்பவர்கள் உண்டு. வீழ்த்தும். பேட்டரி இறங்கினால் நலிந்த காயில் முதலில் கைவிடும். டேங்க் துரு ஒரு கார்ப்பின் ஜெட்டில் மட்டும் போய் உட்காரலாம். அப்போதும் விசாரணை எங்கே தொடங்க வேண்டும்? அந்தப் பலவீனமான பக்கத்தில்தான். அங்கிருந்து காரணத்தைப் பின்தொடர்ந்து டேங்க் வரை போங்கள், நான் தடுக்கவில்லை. டேங்க்கில் தொடங்கி இரண்டு பக்கத்தையும் கலைத்துப்போட்டால், எது நோய், எது மருந்து என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற இடங்களில் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி மூழ்கிய வண்டியில் டேங்க்கில் தண்ணீர் புகுந்தால் இரண்டு சிலிண்டரும் முரண்டு பிடிக்கும். டேங்க்கைக் காலி செய்தால் தீரும். காலி செய்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் மக்கர் செய்தால் மேக்னட் மூடிக்குள் தங்கிய சேற்றைப் பாருங்கள். உப்பும் சேறும் ஒரு பாயிண்ட்டின் இன்சுலேட்டரில் ஒட்டினாலே மின்சாரம் குறுக்குவழியில் உடம்புக்கு ஓடிவிடும். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. தண்ணீர்தான் காயும், உப்பு அங்கேயே இருக்கும், அடுத்த ஈரக்காற்றுக்கு மறுபடி இழுக்கும்.

கார்ப் பக்கமே கோளாறு இருந்தாலும் அது பெரும்பாலும் அழுக்காக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்று கைப்பிடியிலிருந்து வந்து, வழியில் கிளை பிரிந்து இரண்டு கார்ப்புக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. ஒரு கிளை நீண்டுவிட்டால் ஒரு ஸ்லைடு தூக்கிய பிறகே மற்றது அசையும். ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் முழு வேலையும் செய்ய, மற்றது ஓசியில் சுற்றும். ஏர் ஃபில்டர் பக்கம் கழற்றி, இரண்டு கார்ப் வாய்க்குள்ளும் ஒவ்வொரு விரலை வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினால் இரண்டும் ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்று விரலே சொல்லிவிடும். மேலே இருக்கும் அட்ஜஸ்டரை அரைச் சுற்று திருப்பினால் முடிந்தது. ஒரு ஜெட்டைக்கூட வெளியே எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: டூ ஸ்ட்ரோக் வண்டி லேசான ஆக்ஸிலேட்டரில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிந்து பட்... பட்... என்று தட்டுவது அதன் சுபாவம். கடற்கரைச் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் மூன்றாவது கியரில் உருட்டிக்கொண்டே போய்விட்டு "மிஸ்ஸிங்" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நோயே இல்லாத வண்டிக்கு வைத்தியம் பார்த்து நோயாளியாக்கிய கணக்கில் இது சேரும்.

பெட்ரோலைத் திட்டுவதில் எனக்குக் கோபம் வரும் இடம் கிராங்க் ஆயில் சீல். வலது பக்கச் சீல் கிளட்ச் அறையை ஒட்டியது. அது போனால் வலது சிலிண்டர் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். வலது சைலன்சரில் மட்டும் வெண்புகை, எண்ணெய் வழியும் பிளக், வாரா வாரம் குறையும் கியர் ஆயில். இதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஆபத்தும் குறைவு. இடது பக்கச் சீல் மேக்னட் பக்கத்தில் இருக்கிறது. அது போனால் வெளிக்காற்று உள்ளே போகும். கலவை மெலியும், ஐடிலிங் தானாக ஏறும், ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் கத்தும், இடது மட்டும் விட்டுவிட்டு எரியும். மெக்கானிக் காதுக்கு இது "கார்ப் டியூனிங் போச்சு" என்றுதான் கேட்கும். ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை அடக்கி அனுப்பிவிடுவார். மெலிந்த கலவையில் சூடேறிய இடது பிஸ்டன் புறவழிச்சாலையில் நூறைத் தொடும்போது சிலிண்டர் சுவரோடு பற்றிக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் விழுந்தால், அதற்குப் பெட்ரோல் காரணமில்லை. பெட்ரோல் காரணம் என்று சொன்னவர்தான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சந்தேகப்படும் பக்கத்துக் கார்ப்பையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து இறுக்கி மூடி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்ற வேண்டும். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பும் டயலும் போதும். அதன் 300 என்ற கோடு கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. முள் சில நிமிடம் அசையாமல் நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. கண்ணெதிரே சரிந்தால் சோப்பு நுரையைத் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். வலதையும் இதே போல் ஏற்றி ஒப்பிடுங்கள். இதைச் செய்யச் சொன்னால் பட்டறையில் தயங்குவார்கள், காரணமும் தெரியும்: சீல் என்று தீர்ப்பு வந்தால் சில வேளை எஞ்சினையே பிளக்க வேண்டிவரும், செலவு ஆயிரங்களில் போகும், வண்டிக்காரர் முகம் சுளிப்பார். கார்ப் என்று சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

புதிய தலைமுறை ஒன்று வேறு விதமாகப் பேசுகிறது: பாயிண்ட்டே பழைய குப்பை, தூக்கிப்போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று. நல்ல கிட் நன்றாக வேலை செய்யும், டைமிங் நகராது, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம், எந்த உறுப்பு என்று கண்டுபிடிக்காமல் கிட்டை மாட்டினால், கோளாறு சீலிலோ கேபிளிலோ இருந்தால் அது புதுக் கிட்டோடு சேர்ந்தே ஓடும். மேலும் பாயிண்ட் நடுவழியில் கெட்டால் ஒரு அட்டைத் துண்டால் வீடு வந்து சேரலாம். கிட் கெட்டால் லோடு வண்டிதான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்னும் சிலர் ஒரே அடியாக, "பழைய வண்டின்னா அப்படித்தான் ஒத்த சிலிண்டர்ல ஓடும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டில் ஓடத்தான் அதற்கு இரண்டு கொடுத்தார்கள். செத்த பக்கத்து சைலன்சரில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் தேங்குவதும், உயிருள்ள பக்கம் இரட்டைச் சுமை இழுத்துத் தேய்வதும் பழமையின் அழகு ஆகாது.

ஆர்டி வைத்திருக்கும் புதுச்சேரி நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டி மிஸ்ஸிங் அடித்துப் பட்டறைக்குப் போகும்போது, மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை எடுக்கும் முன், "இடதா, வலதா?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை கார்ப் வண்டியிலேயே இருக்கட்டும். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க அவர் செலவழித்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.